கடைசி நாளே வராமல் முடிந்த பத்தாம் வகுப்பு: 2019-20 கல்வியாண்டு, ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் 2019-20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள் 9 லட்சத்துக்கும் மேல். ஒருவர்கூடப் பொதுத்தேர்வு எழுதவில்லை. பள்ளி வழியாகப் பதிவு செய்து, முடிவு வெளியிடப்பட்ட அத்தனை பேருக்கும் தேர்ச்சி கிடைத்தது. அந்த ஆண்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். கொரோனா வந்தது, தேர்வு ரத்தானது, ஆல் பாஸ் போட்டார்கள், அவ்வளவுதான் என்பார்கள். ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த எனக்கு அதை அவ்வளவு சுருக்கமாக முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. பள்ளி ஆண்டு ஒன்று எப்படி முடிகிறது, அதை முடித்துவைப்பது யார் வேலை என்ற கேள்வியை அந்த ஆண்டு எழுப்பிவிட்டுப் போயிருக்கிறது.

சாதாரண ஆண்டு முடியும் விதம்

உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்போடு சரி. பதினொன்றாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியைத் தேடிப் போக வேண்டும். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பின் கடைசி நாள் என்பது பள்ளியை விட்டே போகிற நாள். மேல்நிலைப் பள்ளிகளில் இந்தப் பிரிவு இவ்வளவு அழுத்தமாகத் தெரியாது, பாதிப் பேர் அங்கேயே தொடர்வார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியதும் எல்லாம் வேகம் பிடிக்கும். குடியரசு தினத்தை ஒட்டி விளையாட்டுப் போட்டிகள் நடக்கும். பிறகு திருப்புதல் தேர்வுகள், அறிவியல் செய்முறைத் தேர்வு, காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ். இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் ஆண்டு விழாவுக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அப்போது அரசுப் பள்ளிகளில் அதற்கென்று கைக்குப் பணம் வராது. தலைமை ஆசிரியர் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசுவார், முன்னாள் மாணவர்களைத் தேடிப்பிடிப்பார், கடைத்தெருவில் நாலு பேரைப் பார்ப்பார். ஷாமியானா ஒருவர் உபயம், மைக் செட் இன்னொருவர், பரிசுப் பொருள்கள் வேறொருவர் என்று பிரியும். பணம் சேரச் சேரத் தேதி தள்ளிப்போகும். பிப்ரவரி என்று நினைத்தது மார்ச்சுக்குப் போவது சர்வ சாதாரணம்.

அப்புறம் குரூப் போட்டோ. பெஞ்சுகளை வெளியே தூக்கி வந்து வேப்பமர நிழலில் போட்டு, உயரவாரியாக நிறுத்தி, ஆசிரியர்களை முன்வரிசையில் உட்கார வைத்து எடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் காசு சேர்த்து வழியனுப்பு விழா நடத்துவார்கள். ஒரு கேக், மிக்சர், ஆளுக்கொரு பேனா. தேர்வுக் காலத்தில் அந்தப் பேனாவைத்தான் பல பிள்ளைகள் கொண்டுபோவார்கள். கடைசித் தேர்வு முடிந்து வெளியே வரும்போது ஆட்டோகிராஃப் நோட்டு, சட்டையில் மை, அழுகை, சிரிப்பு எல்லாம் பள்ளி வாசலில் நடக்கும். பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். ஆனாலும் அன்றைக்கு ஒரு முடிவு வந்துவிட்டது என்பது எல்லோருக்கும் புரியும்.

2020இல் நடந்தது

அந்த ஆண்டு பிளஸ் டூ தேர்வு மார்ச் 2ஆம் தேதியும், பிளஸ் ஒன் தேர்வு மார்ச் 4ஆம் தேதியும் தொடங்கின. பத்தாம் வகுப்புக்கு மார்ச் 27 முதல் ஏப்ரல் 13 வரை என்று அட்டவணை இருந்தது. மொழிப்பாடங்களுக்கு இரண்டு தாள் என்பதை ஒரே தாளாக்கியிருந்த முதல் ஆண்டு அது. புதிய பாடத்திட்டத்திலும் பத்தாம் வகுப்புக்கு அதுதான் முதல் பொதுத்தேர்வாக இருந்திருக்கும். அதனால் பிள்ளைகளைவிட ஆசிரியர்களுக்குத்தான் பதற்றம் கூடுதல்.

மார்ச் 16, திங்கள்கிழமை. கல்வி நிலையங்களை மார்ச் 31 வரை மூடுவதாக அன்று அறிவிப்பு வந்தது. பொதுத்தேர்வுகள் மட்டும் நடக்கும் என்றார்கள். ஆக, அந்தத் திங்கள்கிழமைதான் பத்தாம் வகுப்பின் கடைசி வேலை நாள். அன்று வகுப்பில் இருந்த யாருக்கும் அது தெரியாது. பதினைந்து நாள் லீவு என்றே பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். மேசைக்கடியில் வரைபட நோட்டை விட்டுப்போனவர்கள்கூட உண்டு.

மார்ச் 21ஆம் தேதி பத்தாம் வகுப்புத் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். மார்ச் 24 அன்று பிளஸ் டூவின் கடைசித் தேர்வு நடந்தது. அன்று மாலை 6 மணிக்கு மாநிலம் முழுக்க 144 தடை உத்தரவு. பஸ் ஓடுமா, திரும்பி வர முடியுமா என்ற பயத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தேர்வை எழுதவில்லை. அவர்களுக்காக ஜூலை 27ஆம் தேதி மறுபடி தேர்வு வைத்தார்கள். மார்ச் 25இல் ஒன்று முதல் ஒன்பது வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்ற அறிவிப்பு வந்தது. பத்தாம் வகுப்பு மட்டும் அந்தரத்தில் நின்றது.

இந்த அந்தரம்தான் மிகவும் கொடுமை. மே மாதம் அறிவித்தபோது ஜூன் 1 என்றார்கள். ஒரு வாரம் கழித்து ஜூன் 15 என்று மாற்றினார்கள். ஓர் அறைக்குப் 10 பேர், பிள்ளைகள் படித்த பள்ளியிலேயே தேர்வு, முகக்கவசம், சிறப்புப் பேருந்து என்று ஏற்பாடுகளும் நடந்தன. வேலையில்லாத வீடுகளில், சில சமயம் ஒரே அறையில், தேர்வு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் பதினைந்து வயதுப் பிள்ளை இரண்டரை மாதம் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போனில் கூப்பிட்டால் முதல் கேள்வியே, "சார், எக்ஸாம் உண்டா?" என்பதுதான். பதில் சொல்ல ஆசிரியரிடமும் ஒன்றும் இருக்காது.

ஜூன் 8ஆம் தேதி தெலங்கானா தன் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தது. அன்றே சென்னை உயர் நீதிமன்றம், 9 லட்சம் பிள்ளைகளை ஆபத்துக்கு உள்ளாக்கலாமா என்ற கேள்வியை அரசிடம் எழுப்பியது. மறுநாள் ஜூன் 9இல் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, பத்தாம் வகுப்புத் தேர்வையும் பிளஸ் ஒன்னில் மிச்சமிருந்த தேர்வையும் ரத்து செய்வதாக அறிவித்தார். சரியான முடிவுதான். இன்னும் முன்னதாக வந்திருக்க வேண்டிய முடிவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காலாண்டு மதிப்பெண்ணே பொதுத்தேர்வு மதிப்பெண் ஆனபோது

மதிப்பெண்ணுக்குச் சொன்ன கணக்கு எளிமையானது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம். காலாண்டிலும் அரையாண்டிலும் சராசரியாக 50 எடுத்து, ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். 40உம் 20உம் சேர்த்து 60 வரும். அதே சராசரி 35 என்றால் 48.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரையாண்டுத் தாள் எப்படித் திருத்தப்படுகிறது என்று பள்ளிக்கூடத்து ஆட்களுக்குத் தெரியும். பல பள்ளிகளில் அதை வேண்டுமென்றே கறாராகத் திருத்துவார்கள். டிசம்பரில் 80 போட்டுவிட்டால் பிள்ளை அசந்துவிடும், 62 போட்டால் பயந்து படிக்கும் என்பது பழைய ஆசிரியர்களின் கணக்கு. பொதுத்தேர்வில் எப்படியும் 85 வாங்கிவிடுவாள் என்ற நம்பிக்கையோடு போட்ட 62 அது. இன்னொரு பள்ளியில் பெற்றோர் மனம் நோகக்கூடாது என்று தாராளமாகப் போட்டிருப்பார்கள். கறார் பள்ளியில் படித்தவளுக்கு நஷ்டம், தாராளப் பள்ளியில் படித்தவனுக்கு லாபம். இருவர் கையிலும் ஒரே மாதிரி அரசு முத்திரையோடு மதிப்பெண் சான்றிதழ்.

காலாண்டை மதிக்காத பிள்ளைகளும் நிறைய. டிசம்பர் வரை விளையாட்டு, ஜனவரியில் விழித்துக்கொள்வது, மார்ச்சில் ஜெயிப்பது என்பது தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் தெரிந்த பாதை. மூன்று மாத ஸ்பெஷல் கிளாஸில் 40இலிருந்து 75க்கு ஏறிய பையனின் உழைப்புக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. திருப்புதல் தேர்வுத் தாள்கள் கட்டுக்கட்டாக அலமாரியில் இருந்தும் அவற்றை யாரும் கேட்கவில்லை.

வருகைப் பதிவு இன்னும் சிக்கல். லீவு போட்ட பிள்ளைகள் ஏன் போட்டார்கள் என்று பதிவேட்டில் இருக்காது. அறுவடைக் காலத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தவளுக்கும் சினிமாவுக்குப் போனவனுக்கும் அதே ஆப்சென்ட்தான்.

ஜூனில் விடைத்தாள், மதிப்பெண் பதிவேடு, முன்னேற்ற அறிக்கை எல்லாவற்றையும் திரட்டி ஒப்படைக்கச் சொன்னபோது பள்ளிகள் பட்ட பாடு தனிக் கதை. காலாண்டுத் தாள்களைத் தவறைப் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று பிள்ளைகளிடமே கொடுப்பதுதான் நல்ல ஆசிரியர்களின் வழக்கம். அவை எப்போதோ பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தன. ஊரடங்கில் வீடு வீடாகப் போய் ரேங்க் கார்டைத் தேடி எடுத்து வந்த தலைமை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து, தேதி என்று ஒவ்வொன்றும் திடீரென்று ஆவணமாகிவிட்டது.

இந்த இடத்தில், பிரிட்டனில் அதே கோடையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அங்கும் தேர்வுகள் ரத்து. ஆசிரியர்கள் தந்த மதிப்பீட்டை அப்படியே ஏற்காமல், பள்ளியின் முந்தைய ஆண்டுத் தேர்ச்சியையும் சேர்த்துக் கணினிச் சூத்திரம் ஒன்றால் தரங்களை மாற்றினார்கள். ஆகஸ்ட் 13இல் ஏ-லெவல் என்னும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்தபோது இங்கிலாந்தில் ஏறக்குறைய 40 சதவீதத் தரங்கள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்திருந்தன. ஏழைப் பகுதிப் பள்ளிகளில் நன்றாகப் படித்த பிள்ளைகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். நாலே நாளில் அரசு பின்வாங்கியது. தமிழ்நாட்டுக் கணக்கில் ஓட்டைகள் இருந்தாலும், உன் பள்ளி போன வருடம் எப்படி என்று அது கேட்கவில்லை. ஒரு பிள்ளை தன் மதிப்பெண்ணைத் தானே பேப்பரில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. அந்த விதத்தில் நம்முடையது மேல் என்றே சொல்வேன்.

பிரிக்கப்படாத பரிசுப் பெட்டி

மதிப்பெண்ணுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள், அதில் குறைசொல்லலாம், ஆனால் ஏதோ ஒன்று செய்தார்கள். மற்றதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை.

எங்கள் பள்ளியில் ஆண்டு விழா மார்ச் கடைசி வாரத்துக்குத் தள்ளியிருந்தது. பரிசுப் பொருள்கள் வந்து இறங்கிவிட்டன. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ், டம்ளர், சாப்பாட்டுத் தட்டு. பி.இ.டி. ஆசிரியர் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி எழுதியிருந்தார். 'நீளம் தாண்டுதல், முதலிடம், 10 ஆ'. 'திருக்குறள் ஒப்புவித்தல், இரண்டாமிடம்'. 'முழு வருகை'. முழு வருகைக்கு இரண்டு டிபன் பாக்ஸ், இரண்டும் பெண்பிள்ளைகளுக்கு. கபடியில் வட்டார அளவில் ஜெயித்த அணிக்குச் சின்னதாய் ஒரே மாதிரி கோப்பைகள், அவற்றுக்கு மட்டும் உபயதாரர் பெயர் பொறித்திருந்தது. பெட்டி தலைமை ஆசிரியர் அறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. மேலே மாஸ்க் கட்டு வந்தது, அதற்கு மேலே சானிடைசர் கேன் வந்தது, அப்புறம் இலவச நோட்டுப் புத்தகக் கட்டுகள் வந்தன.

ஆகஸ்ட் 10ஆம் தேதி பத்தாம் வகுப்பு முடிவு வெளியானது. 100 சதவீதம். ஆகஸ்ட் 24இல் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கியது. டிசியும் மதிப்பெண் சான்றும் வாங்கப் பிள்ளைகள் வந்தார்கள். நேரம் பிரித்துக் கொடுத்து, ஒரு மணிக்கு இத்தனை பேர் என்று வரச் சொன்னோம். சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று, கையெழுத்துப் போட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார்கள். முகக்கவசத்தில் சிலரை அடையாளம் தெரியவில்லை, ஐந்து மாதத்தில் பையன்கள் உயரமாகியிருந்தார்கள். ஐந்து வருடம் படித்த பள்ளியில் அவர்களுடைய கடைசி வருகை ஐந்து நிமிடம்.

டிசி வாங்கவே வராதவர்களும் இருந்தார்கள். சாதாரண ஆண்டில் கடைசித் தேர்வன்று, அடுத்து என்னடா செய்யப்போகிறாய் என்று கேட்கும் ஒரு பேச்சு உண்டு. மில்லுக்குப் போகிறேன் என்பவனைப் பிடித்து நிறுத்தி, ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை அங்கேயே பூர்த்தி செய்ய வைத்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். மாமா வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்தால், அந்த அப்பாவைப் பள்ளிக்கு வரவழைப்பார்கள். பள்ளி ஆண்டின் கடைசி வாரத்துக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது. 2020இல் அந்த வாரம் இல்லாமல் போனதில் அந்தப் பேச்சும் போயிற்று. விழா நடக்காததைவிட இதுதான் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

ஏன் இப்படி ஆயிற்று

கொரோனாதான் காரணம் என்று விட்டுவிட முடியாது. ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது. 2020 பிப்ரவரி 27 அன்று அந்நாட்டுப் பிரதமர் ஷின்சோ ஆபே, மார்ச் 2 முதல் பள்ளிகளை மூடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். சரியாகப் பட்டமளிப்பு விழாக் காலம் அது. ஆனாலும் பல பள்ளிகள் விழாவைக் கைவிடவில்லை. விருந்தினர் வேண்டாம், கீழ் வகுப்புப் பிள்ளைகள் வேண்டாம், சில இடங்களில் பெற்றோரும் வேண்டாம் என்று சுருக்கி, முகக்கவசத்தோடு, பேச்சுகளைக் குறைத்து நடத்தினார்கள். அங்கே படிப்பு முடிவது அந்த விழாவில்தான், அதனால் அதை எப்படியாவது நடத்த வேண்டியிருந்தது.

நம்மிடம் ஆண்டை முடித்துவைப்பது பொதுத்தேர்வு ஒன்றுதான். தேர்வுக்கு ஓர் இயக்குநரகம் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, அனுப்பாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். வழியனுப்பு விழாவுக்கு யாரும் பொறுப்பில்லை. நடந்தால் சந்தோஷம், நடக்காவிட்டால் கேட்பாரில்லை. ஆண்டு விழா, விளையாட்டு, குரூப் போட்டோ, மன்றங்களின் நிறைவு எல்லாமே தேர்வு விட்டுவைத்த இடைவெளியில் நடப்பவை. தேர்வே விழுந்தபோது அதோடு சேர்ந்து இவையும் விழுந்தன.

யாராவது பொறுப்பேற்றால் நிலைமை எப்படி மாறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2022-23இல் அரசுப் பள்ளிகளுக்கெனக் கலைத் திருவிழா தொடங்கினார்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தேதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாசிரியர். பறை அடிக்கத் தெரிந்த பையன் இருக்கிறான் என்பதே சில பள்ளிகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆண்டு விழா நடத்தவும் பின்னாளில் அரசே நிதி ஒதுக்கியது. உபயதாரரைத் தேடித் தேதி தள்ளும் நிலை அதனால் குறைந்திருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் பிறகு

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகும் அவர்களுக்குப் பள்ளி திறக்கவில்லை. 2021 பிப்ரவரி 8ஆம் தேதிதான் முதல் தடவையாகப் புதிய பள்ளிக்குள் நுழைந்தார்கள். பிப்ரவரி 25இல் 9, 10, 11 வகுப்புகளுக்குத் தேர்வில்லாமல் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். மார்ச் 22இல் மறுபடி மூடல். செப்டம்பர் 1இல் பிளஸ் டூவாகத் திரும்பி வந்தார்கள். 2022 மே 5ஆம் தேதி பிளஸ் டூ தேர்வறையில் உட்கார்ந்தபோது, பள்ளி வாழ்க்கையில் அவர்கள் எழுதிய முதல் பொதுத்தேர்வு அதுவாகத்தான் இருந்தது. ஜூன் 20இல் முடிவு வந்தது, 93.76 சதவீதம் தேர்ச்சி. தேர்வு எழுதாமல் வந்த கூட்டம் என்று இவர்களைக் கேலி பேசியவர்கள் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆண்டுப் பத்தாம் வகுப்பு, அதாவது 2020-21 பிள்ளைகள், இன்னும் மோசம். அவர்களுக்குக் காலாண்டும் இல்லை, அரையாண்டும் இல்லை. சான்றிதழில் மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி என்று மட்டும் இருந்தது.

செய்ய வேண்டியவை

அரையாண்டு விடைத்தாள்களைப் பொதுத்தேர்வு முடிவு வரும்வரை பள்ளியிலேயே வைக்க வேண்டும். பிள்ளைக்குக் காட்டி, திருத்தம் சொல்லி, திரும்ப வாங்கிக்கொண்டால் போதும். கறாராகத் திருத்துவது, தாராளமாகத் திருத்துவது இரண்டையும் விட்டு, பொதுத்தேர்வு விடைக்குறிப்பின்படியே அரையாண்டையும் திருத்த வேண்டும். பயமுறுத்த மதிப்பெண்ணைத் தவிர வேறு வழிகள் இருக்கின்றன.

ஆண்டு விழாவும் குரூப் போட்டோவும் பொங்கல் முடிந்த கையோடு, திருப்புதல் தேர்வு தொடங்குமுன் முடிந்துவிட வேண்டும். பிள்ளை எந்த மன்றத்தில் இருந்தது, எந்தப் போட்டிக்குப் போனது, எந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியது என்பதை ஆண்டு முழுக்க ஒரு பக்கத்தில் எழுதிவந்து, டிசியோடு கையில் கொடுக்க வேண்டும். மதிப்பெண் இல்லாத ஓர் ஆண்டு மறுபடி வந்தால் அந்தப் பக்கமாவது பிள்ளையைப் பற்றிப் பேசும்.

அப்புறம் அந்தக் கடைசி வாரப் பேச்சு. அதைத் தேர்வு நாளுக்கு விடாமல், பிப்ரவரியிலேயே ஒவ்வொரு பிள்ளையோடும் வகுப்பாசிரியர் தனியாக உட்கார்ந்து, அடுத்து எங்கே, எந்தப் பாடம், வீட்டில் என்ன நிலைமை என்று கேட்டுப் பெயருக்கு நேரே குறித்துவைக்க வேண்டும். ஜூனில் யார் எங்கே சேரவில்லை என்று தேட அந்தக் குறிப்புதான் கையில் இருக்கும்.